கடலோரத்தில் ஒரு வாரக் குடித்தனம்: வாசகர் கேள்வி – பதில்

அயர்லாந்தில் வேலை பார்க்கும் மகளைப் பார்க்கப் போகும் ஒரு வாசகருக்குச் சென்ற இதழில் பதில் எழுதியபோது, "ஓட்டலில் நான்கு நாள் தங்குவதைவிட, மீன்பிடி ஊர் ஒன்றில் ஒரு வாரத்துக்கு வீடு எடுத்து நீங்களே சமைத்துச் சாப்பிடுங்கள்" என்று இரண்டு வரி சேர்த்திருந்தேன். அந்த இரண்டு வரிக்குத்தான் இந்த மாதம் கடிதங்கள் வந்து குவிந்தன. எனவே இந்த இதழின் பக்கங்களை அதற்கே ஒதுக்கிவிட்டேன். நானும் என் மனைவியும் தென்மேற்கு அயர்லாந்தில், கார்க் மாவட்டத்துக் கடலோரச் சிற்றூர் ஒன்றில் இரண்டு முறை இப்படிக் குடித்தனம் நடத்திவிட்டு வந்திருக்கிறோம். பட்டறிந்து சொல்வது பாதி, விசாரித்து அறிந்தது மீதி.

பெருந்துறையிலிருந்து ஒரு வாசகி: ஊட்டியிலும் வால்பாறையிலும் காட்டேஜ் எடுத்துத் தங்கியிருக்கிறோம். அதுவும் இதுவும் ஒன்றுதானா? வீட்டில் என்ன இருக்கும், என்ன இருக்காது?

பதில்: வால்பாறையில் காட்டேஜ் எடுத்தால் காவல்காரர் ஒருவர் இருப்பார்; கோழியும் அரிசியும் வாங்கிக் கொடுத்துவிட்டால் சமைத்து வைத்து, மாலையில் விறகு மூட்டி, காலையில் வெந்நீரும் கொண்டுவந்து தருவார். அயர்லாந்தில் அப்படி ஒருவரும் இல்லை. வீட்டு உரிமையாளரின் முகத்தைப் பார்க்காமலேயே ஒரு வாரம் இருந்துவிட்டு வரக்கூடும். கதவருகே எண்பூட்டுப் போட்ட சிறு பெட்டிக்குள் சாவி இருக்கும். அந்த எண்ணைக் கைப்பேசிக்கு அனுப்பிவிடுவார்கள். கோடையில் பெரும்பாலான வீடுகளைச் சனிக்கிழமை முதல் மறு சனிக்கிழமை வரை முழு வாரமாகத்தான் விடுகிறார்கள். மாலை 4 மணிவாக்கில் நுழைந்து, கடைசி நாள் காலை 10 மணிவாக்கில் காலி செய்வது வழக்கம். ஆகையால் விமானச் சீட்டைப் போட்டுவிட்டு வீடு தேடாதீர்கள். சனிக்கிழமைக் கணக்கைப் பார்த்துவிட்டுச் சீட்டைப் போடுங்கள்.

அடுப்பு, ஓவன், பிரிட்ஜ், வாஷிங் மெஷின், மின்கெட்டில், தட்டு, கரண்டி, கத்தி எல்லாம் எண்ணிக்கைப்படி இருக்கும். மிக்சி, குக்கர், தோசைக்கல், பூரிக்கட்டை ஆகியவற்றை எதிர்பார்க்கக் கூடாது. குளியலறையில் வாளியும் சொம்பும் இருக்காது, கழிவறையில் தண்ணீர்க் குழாயும் இருக்காது என்பதைப் பயணக் கட்டுரை எழுதுபவர்கள் நாகரிகம் கருதி விட்டுவிடுகிறார்கள்; ஒரு பிளாஸ்டிக் சொம்பைப் பெட்டியின் மூலையில் வைத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மின்சாரம் நம்முடைய அதே 230 வோல்ட்தான், ஆனால் பிளக் பட்டைக் கம்பி மூன்று கொண்ட பிரிட்டன் வகை என்பதால், இரண்டு அடாப்டர் இருந்தால் இங்கிருந்து கொண்டுபோகும் சிறிய மிக்சி அங்கே தாராளமாக ஓடும்.

வெந்நீருக்கு மட்டும் கொஞ்சம் பாடம் படிக்க வேண்டும். சுவரில் 'இம்மெர்ஷன்' என்று எழுதிய சுவிட்ச் ஒன்று இருக்கும். அதில் 'சிங்க்', 'பாத்' என இரண்டு நிலைகள் உண்டு. முதலாவது தொட்டியின் மேற்பகுதித் தண்ணீரை மட்டும் காய்ச்சும். பாத்திரம் கழுவ அது போதும். இரண்டாவது தொட்டி முழுவதையும் காய்ச்சும். ஊருக்குக் கிளம்பிப் பாதி வழி போனபின் "இம்மெர்ஷனை அணைத்தோமா?" என்று பதறுவதை அந்நாட்டவர்கள் தங்களுக்குள் கேலியாகப் பேசிக்கொள்வார்கள், தோட்டத்து மோட்டாரை நிறுத்தினோமா என்று பாதி வழியில் வண்டியைத் திருப்புகிற நமக்கு அதை விளக்கத் தேவையில்லை. ஷவர் தனி மின்சாரத்தில் இயங்கும் வீடாக இருந்தால், குளியலறைக் கூரையிலிருந்து தொங்கும் கயிற்றை ஒருமுறை இழுத்த பிறகே வெந்நீர் வரும். முதல் நாள் இது தெரியாமல் நான் பச்சைத்தண்ணீரில் குளித்தேன்.

கோவையிலிருந்து பணி ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியர்: மீன்பிடி ஊர் என்று எழுதினீர்களே தவிர, எந்த ஊர் என்று எழுதவில்லை. முதன்முறை போகிறவர்கள் எங்கே தங்கலாம்?

பதில்: வேலை நடக்கும் துறைமுகமும் விருந்தாளிக்கு ஏற்ற ஊரும் எப்போதும் ஒன்றாக அமைவதில்லை. அயர்லாந்து அரசு நேரடியாக நிர்வகிக்கும் மீன்பிடித் துறைமுக மையங்கள் ஆறு: வடமேற்கில் கில்லிபெக்ஸ், மேற்கில் ரோசவீல், தென்மேற்கில் டிங்கிள், காசில்டவுன்பேர், தென்கிழக்கில் டன்மோர் ஈஸ்ட், டப்ளினை ஒட்டி ஹோத். இவற்றில் மிகப் பெரியது டொனகோல் மாவட்டத்துக் கில்லிபெக்ஸ். பெரிய இரும்புக் கப்பல்கள் குளிர்காலத்தில் கானாங்கெளுத்தி மீனை அங்கேதான் டன் கணக்கில் இறக்குகின்றன. மீன் பதப்படுத்தும் ஆலைகளும் அங்கேதான் இருக்கின்றன. துறைமுக வேலையைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் போகலாம். அமைதி தேடுகிறவர்களுக்கு நான் சொல்லமாட்டேன். கையால் முடிச்சிட்டு நெய்யும் கம்பளத்துக்கும் பெயர் பெற்ற ஊர் அது என்பதால், பவானி ஜமுக்காளத் தறியோடு வளர்ந்தவர்களுக்கு மட்டும் தனியாக ஒரு காரணம் உண்டு.

டிங்கிள் உண்மையில் ஒரு சிறு நகரம். 1983 முதல் 2020 வரை அதன் விரிகுடாவில் தனியாகச் சுற்றித் திரிந்த 'ஃபங்கி' என்ற டால்ஃபினைப் பார்க்க வந்த கூட்டம், டால்ஃபின் போன பிறகும் குறையவில்லை; கோடையில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. காசில்டவுன்பேர் ஒருபக்கம் மலையும் ஒருபக்கம் கடலுமாக அமைந்த ஊர். அங்கிருந்து தீபகற்பத்தின் முனைக்குப் போனால், 1969இல் போட்ட கம்பிவண்டி கடலிடுக்கின் மேலாக டர்சி தீவுக்குப் போகும். அயர்லாந்தில் கடலுக்கு மேலே தொங்கிப் போகும் கம்பிவண்டி அது ஒன்றுதான். ஆனால் டப்ளினிலிருந்து நெடுந்தூரம் வண்டி ஓட்ட வேண்டும்.

வயதானவர்களோடு முதன்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது தென்கிழக்குக் கரை. வெக்ஸ்ஃபோர்டு மாவட்டத்துக் கில்மோர் கீ ஊரில், சுண்ணாம்பு அடித்த சுவரும் கூரை வேய்ந்த மேற்புறமுமாக இன்னமும் வீடுகள் நிற்கின்றன. அங்கிருந்து படகில் போகும் சால்ட்டீ தீவுகளில் ஏப்ரல் முதல் ஜூலை வரை பஃபின் பறவைகளைக் காணலாம். டன்மோர் ஈஸ்ட் துறைமுகத்தின் பாறைச் சுவரில் கிட்டிவேக் என்னும் கடற்காக்கைகள் கூடு கட்டியிருக்கும். மீன்படகு ஒருபுறம், குஞ்சுகளின் கூச்சல் ஒருபுறம் என்று படகுத்துறையில் உட்கார்ந்தே ஒரு மாலையைக் கழித்துவிடலாம். வாட்டர்ஃபோர்டு நகரம் வரை ரயில், அங்கிருந்து பேருந்து என்று கார் இல்லாமலும் போய்ச்சேர முடியும் என்பது இன்னொரு வசதி.

எந்த ஊரானாலும், முன்பணம் அனுப்புவதற்கு முன் வீட்டின் 'எயர்கோட்' என்னவென்று கேளுங்கள். 2015 முதல் அந்நாட்டில் ஒவ்வொரு முகவரிக்கும் தனித்தனியாக ஏழு எழுத்தெண்கள் கொண்ட குறியீடு இருக்கிறது. அதை வரைபடத்தில் போட்டால் நேராக அந்த வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தும். கடலிலிருந்து எவ்வளவு தொலைவு என்பதையும், விளம்பரப் படத்தில் உள்ள வீடு அந்த இடத்தில் இருக்கிறதா என்பதையும் இங்கே உட்கார்ந்தபடியே பார்த்துவிடலாம்.

திருப்பூரிலிருந்து பின்னலாடை ஏற்றுமதியாளர் ஒருவர்: என்னிடம் ஷெங்கன் விசா இருக்கிறது. போதுமா?

பதில்: போதாது. அயர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்பு நாடு, ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போய்வர உதவும் ஷெங்கன் ஏற்பாட்டில் சேரவில்லை. தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஒருமுறை நுழைவுக்கான கட்டணம் 60 யூரோ. முடிவு வர எட்டு வாரம் ஆகலாம் என்பதால், பணத்தைத் திருப்பித் தரும் நிபந்தனையுள்ள வீட்டையே பதிவு செய்யுங்கள். பிரிட்டனுக்கும் சேர்த்துப் போகிறவர்கள், 'பிஐவிஎஸ்' என்ற முத்திரையுள்ள விசா கிடைத்தால் அதை வைத்துக்கொண்டே இரண்டு நாடுகளுக்கும் போகலாம்.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகி: சமையல் சாமான்களை இங்கிருந்தே கொண்டுபோக நினைக்கிறேன். நெய், கருவேப்பிலை, மசாலாப் பொடி, கருவாடு என்று பட்டியல் போட்டுவிட்டேன். விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்களா?

பதில்: உங்கள் பட்டியலில் கருவாடு பயமில்லாமல் போகும் என்றால் நம்பமாட்டீர்கள், ஆனால் அதுதான் சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் இறைச்சியும் பால்பொருளும் கொண்டுவரக் கூடாது. ஆகவே நெய், வெண்ணெய், பன்னீர், பால்கோவா எல்லாம் தடை. மீனுக்கு அந்தத் தடை இல்லை. சொந்த உபயோகத்துக்கு ஆளுக்கு 20 கிலோ வரை விடுகிறார்கள். வாசனை வெளியே வராமல் கட்டுவது உங்கள் சாமர்த்தியம்.

பச்சைக் கருவேப்பிலை, முருங்கைக்கீரை, வெற்றிலை, மாம்பழம் ஆகியவற்றைத் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் கொண்டுபோகக் கூடாது. தலையில் வைத்த சத்தியமங்கலம் மல்லிகைக்கும் அதே விதிதான். சான்றிதழ் தேவைப்படாத கனிகள் ஐந்து: அன்னாசி, தேங்காய், துரியன், வாழைப்பழம், பேரீச்சை. பொள்ளாச்சித் தேங்காய்க்கு ஐரோப்பாவில் இப்படி ஒரு சலுகை இருப்பது நம் தென்னந்தோப்புக்காரர்களுக்கே தெரியுமோ என்னவோ. கொப்பரை வேறு சங்கதி. எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதால் அதை விமானத்தில் ஏற்றவிட மாட்டார்கள். மல்லித்தூள், மிளகாய்த்தூள், ஈரோட்டு மஞ்சள், பருப்புப்பொடி, நாட்டுச்சர்க்கரை போன்ற உலர்ந்த சாமான்களைக் கடைப் பொட்டலத்தில் கட்டியபடியே கொண்டுபோகலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது கசகசா. நம்மில் பலர் கொச்சியிலிருந்து துபாய் அல்லது தோகா வழியாகத்தான் டப்ளின் போகிறோம். குழம்புக்கு அரைக்கும் கசகசா அந்த வளைகுடா நாடுகளில் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. ஒரு சிட்டிகைகூட வேண்டாம். கரம் மசாலாவில் கசகசா சேர்த்து அரைத்திருந்தால் அதையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

நெய்க்கு வழி இருக்கிறது. அயர்லாந்து வெண்ணெய்க்குப் பேர்போன நாடு. கார்க் நகரில் 1770இல் தொடங்கிய வெண்ணெய்ச் சந்தையிலிருந்து கடல் கடந்து பல நாடுகளுக்கு வெண்ணெய் போயிற்று. ஆகவே வெண்ணெயை வாங்கி அங்கேயே உருக்கிக்கொள்ளுங்கள். கடையில் முன்வரிசையில் இருப்பது உப்புப் போட்டதாக இருக்கும். உப்பில்லாததைக் கேட்டு வாங்க வேண்டும். முருங்கைக்கீரை போட்டு இறக்கிய வாசம் வராதுதான். ஆனால் புல் மேய்ந்த மாட்டின் பால் என்பதால் நல்ல மஞ்சள் நிறமாகவும் மணல் மணலாகவும் உறைகிறது. ஊத்துக்குளி வெண்ணெயைப் பார்த்து வளர்ந்த என் மனைவியே அதைக் குறை சொல்லவில்லை.

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி: அந்தக் குளிரில் இட்லி மாவு பொங்குமா? தயிர் உறையுமா?

பதில்: சமையலறையில் வைத்தால் இரண்டு நாள் ஆனாலும் பொங்காது. வீட்டுக்குள் 'ஹாட் பிரஸ்' என்ற அலமாரியைத் தேடிக் கண்டுபிடியுங்கள். வெந்நீர்த் தொட்டியைச் சுற்றி அமைத்த அலமாரி அது. உள்ளே மரச்சட்டம் அடித்த தட்டுகளில் துண்டும் படுக்கை விரிப்பும் வெதுவெதுப்பாக அடுக்கியிருப்பார்கள். அங்கே இரவில் மாவுப் பாத்திரத்தை ஒரு சாப்பாட்டுத் தட்டின்மேல் வைத்துக் கதவைச் சாத்தினால், நம் ஊர்ச் சித்திரை மாதம்போல் காலைக்குள் பொங்கி நிற்கும். தட்டு வைப்பதை மறக்காதீர்கள். வழிந்தால் உரிமையாளரின் வெள்ளைத் துண்டுகள் பாழாகிவிடும். தயிருக்கும் அதே இடம்தான். உறை மோருக்கு எங்கும் அலைய வேண்டாம். கடையில் சர்க்கரை சேர்க்காத தயிர் ஒரு டப்பா வாங்கினால் ஆயிற்று.

தோசைக்கல் கொண்டுபோவதற்கு முன், அடுப்பு எந்த வகை என்று கேட்டு எழுதுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பில் அலுமினியக் குக்கர் வேலை செய்யாது. கண்ணாடி மேற்பரப்புள்ள அடுப்பில் கனத்த இரும்புக்கல்லை இழுத்தால் கீறல் விழும். அதற்கு முன்பணத்தில் கைவைப்பார்கள்.

கரூரிலிருந்து ஒரு வாசகர்: படகு கரைக்கு வந்ததும் அங்கேயே மீன் வாங்க முடியுமா? நாமே தூண்டில் போடலாமா?

பதில்: மீன்பிடி ஊரில் மீன் வாங்க வழியா இல்லை என்று நினைத்துத்தான் முதல் நாள் விடிகாலையில் நானும் பையோடு படகுத்துறைக்குப் போனேன். பெரிய படகு ஒன்று வந்து நின்றிருந்தது. ஐஸ் கொட்டிய பெட்டிகளைச் சங்கிலியில் மாட்டித் தூக்கி, அப்படியே குளிர்சாதன லாரிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அத்தனையும் முன்பே விலை பேசிய சரக்கு. பெரும்பகுதி பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் போகிறது. வாளியில் நாலு மீனைப் போட்டுக் கூவி விற்கும் ஆளை அங்கே காணோம். ரப்பர் அங்கி போட்ட ஒருவர் என் பையைப் பார்த்துவிட்டுத் தெருமுனைக் கடையைக் கைகாட்டினார். கடை திறக்க ஒன்பதரை மணி ஆயிற்று. துறைமுகத்துக்கு நூறு அடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த மீனை வரிசையில் நின்றுதான் வாங்கினேன். கடை இல்லாத ஊர்களில் வாரத்தில் ஒரு நாள் மீன் வண்டி வரும். எந்த நாள் என்பதை வீட்டு உரிமையாளரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சிறு படகில் நண்டுக் கூண்டு போடுகிறவர்களிடம் மட்டும், பழகிய பிறகு, நேரில் கேட்டு வாங்க முடிகிறது.

பவானிசாகர் அணைக் கட்லாவும் ஜிலேபியும் சமைத்துப் பழகிய கை அங்கே கொஞ்சம் மாற வேண்டும். ஹேக், ஹேடாக், காட் மூன்றும் வெள்ளைச் சதை, முள் குறைவு, வாசனையும் குறைவு. ஆனால் கரண்டி பட்டாலே உதிர்ந்துவிடும். குழம்பு நன்றாகக் கொதித்துச் சுண்டியபிறகு, அடுப்பை அணைப்பதற்குச் சற்று முன்பு துண்டுகளைப் போட்டு மூடிவிட வேண்டும், கிண்டவே கூடாது. நம் புளிக்குழம்புக்குப் பொருந்துவது கானாங்கெளுத்திதான். கேரளத்திலிருந்து நம் சந்தைக்கு அயிலை என்ற பெயரில் வருகிற மீனின் வடகடல் உறவு அது. முதுகில் கருநீல வரிகள் அலையலையாக ஓடும், சதையில் எண்ணெய் அதிகம். 'டப்ளின் பே ப்ரான்' என்று விற்பதை இறால் என்று நினைத்து வாங்கினால் வீட்டுக்கு வந்ததும் திகைப்பீர்கள். நீண்ட கொடுக்குள்ள சிறு சிங்கி இறால் வகை அது; ஓட்டை உடைத்துச் சதை எடுக்கப் பொறுமை வேண்டும், எடுத்தால் அந்தப் பொறுமைக்குக் கூலி கிடைக்கும்.

தூண்டில் தாராளமாகப் போடலாம். கடலில் பொழுதுபோக்காக மீன் பிடிக்க உரிமம் தேவையில்லை. சால்மனுக்கும் கடல் டிரவுட்டுக்கும் மட்டும் உரிமம் வேண்டும். ஜூலை முதல் செப்டம்பர் வரை கானாங்கெளுத்திக் கூட்டம் சிறு மீனைத் துரத்திக்கொண்டு படகுத்துறை வரை வந்துவிடும். பல வண்ண இறகு கட்டிய நாலைந்து கொக்கிகளை ஒரே நரம்பில் மாட்டிப் போட்டால், இரை வைக்காமலேயே இரண்டு மூன்று சேர்ந்து வரும். எனக்கு ஒரே வீச்சில் நான்கு கிடைத்தது. அதற்குமேல் போடாமல் சுருட்டிவிட்டேன், ஏனென்றால் இந்த மீன் ஒரு பகல்கூடத் தாங்காது. பிடித்த இடத்திலேயே குடலை எடுத்துவிட்டு, அன்று மாலையே குழம்பு வைத்துவிட வேண்டும்.

கடல் பார்த்து வளராத நமக்கு ஓர் எச்சரிக்கை. நம் தென்னிந்தியக் கரையில் கடலின் ஏற்றவற்றம் ஏறத்தாழ ஒரு மீட்டர். அயர்லாந்தின் மேற்குக் கரையில் அது மூன்று, நான்கு மீட்டர் வரை போகும். காலையில் நடந்து போன பாறைத்திட்டு மதியம் தண்ணீருக்குள் இருக்கும். வற்றும்போது தெரியும் துறைப் படிக்கட்டில் பாசி படிந்திருக்கும். அதில் கால் வைக்கக் கூடாது. ஆபத்தென்றால் 112 அல்லது 999ஐ அழைத்துக் கடலோரக் காவல் படையைக் கேளுங்கள்.

சென்னிமலையிலிருந்து ஒரு வாசகர்: நாங்கள் சுத்த சைவம். பட்டினி கிடக்க நேருமா?

பதில்: நேராது. சொந்தமாகச் சமைப்பதன் முதல் லாபமே உங்களைப் போன்றவர்களுக்குத்தான். உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு, கேரட், பால், தயிர் எந்தச் சிற்றூரிலும் கிடைக்கும். துவரம்பருப்பும் பொன்னி அரிசியும் வேண்டுமானால், டப்ளினிலோ கார்க்கிலோ இந்தியக் கடையில் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போங்கள்.

தாராபுரத்திலிருந்து ஒரு வாசகர்: எந்த மாதம் நல்லது? ஆடியில் கல்யாணம் காட்சி இல்லாததால் அப்போதுதான் எங்களுக்கு ஓய்வு.

பதில்: ஆடியில் உங்களுக்கு ஓய்வு, அவர்களுடைய பள்ளிகளுக்கும் அப்போதுதான் விடுமுறை. ஜூலையும் ஆகஸ்டும் வாடகை உச்சத்தில் இருக்கும் மாதங்கள். என் யோசனை மே மாதம். அங்கே வெயில் அதிகம் கிடைப்பது மே, ஜூன் மாதங்களில்தான். வாடகையும் உச்சத்துக்குப் போயிருக்காது. நம் பிள்ளைகளுக்கும் பள்ளி விடுமுறை. பொழுது சாய இரவு ஒன்பது, ஒன்பதரை ஆகிவிடும். கானாங்கெளுத்தி மட்டும் அப்போது கரைக்கு வந்திருக்காது.

வெயில் என்று நான் எழுதியதைத் தாராபுரத்து வெயிலாக நினைத்துக்கொள்ளாதீர்கள். நடுக்கோடையிலும் பகல் வெப்பம் பெரும்பாலும் 15 முதல் 20 டிகிரிதான். கிழக்கு, தென்கிழக்குக் கரைகளில் ஆண்டுக்குச் சுமார் 150 நாளும், மேற்கில் சில பகுதிகளில் 225 நாளும் மழை நாட்கள். ஆனால் நம் ஐப்பசி மழைபோல் கொட்டித் தீர்ப்பதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காற்றோடு பொள்ளாச்சிப் பக்கம் வீசும் சாரலில் குளிரைச் சேர்த்துக்கொண்டால் அயர்லாந்து மழை. காற்றில் குடை நிற்காது. தொப்பி வைத்த மழைக்கோட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

உடுமலைப்பேட்டையிலிருந்து ஒரு வாசகர்: கார் எடுத்தே ஆக வேண்டுமா? நம் லைசென்ஸ் செல்லுமா?

பதில்: டன்மோர் ஈஸ்ட் போன்ற ஒருசில ஊர்களைத் தவிர, கார் இல்லாமல் சிரமம்தான். நம் ஓட்டுநர் உரிமத்தோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் வாங்கிக்கொள்ளுங்கள்; வாடகைக் கார் நிறுவனங்கள் பெரும்பாலும் அதைக் கேட்கின்றன. இடப்பக்க ஓட்டம்தான், கிலோமீட்டர் கணக்குதான், அதில் குழப்பமில்லை. கிராமச் சாலைகளோ நம் தோட்டத்து வழித்தடங்கள் போலத்தான்: இருபுறமும் வேலி, நடுவில் புல், எதிரில் டிராக்டர் வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும். வழிவிட்டவருக்கு ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்துவார்கள், நீங்களும் உயர்த்துங்கள். இச்சாலைகளின் வேக வரம்பை 2025 பிப்ரவரியில் 80இலிருந்து 60 கிலோமீட்டராகக் குறைத்துவிட்டார்கள். டப்ளினைச் சுற்றும் எம்50 சாலையில் சுங்கச்சாவடியே கண்ணில் படாது. கேமரா வண்டி எண்ணைப் படம் பிடித்துக்கொள்ளும், மறுநாள் இரவு 8 மணிக்குள் நாமாகப் பணம் கட்டாவிட்டால் அபராதம்.

கில்லிபெக்ஸ் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டப்ளினிலிருந்து டொனகோலுக்குக் கைப்பேசி வரைபடம் காட்டும் குறுக்கு வழி வட அயர்லாந்துக்குள் புகுந்து போகக்கூடும். எல்லையில் சோதனைச் சாவடி இல்லாததால் நாடு மாறியதே தெரியாது. ஆனால் அது பிரிட்டனைச் சேர்ந்த மண், நமக்கு அந்த நாட்டு அனுமதி தனியாக வேண்டும். அது இல்லாதவர்கள் ஸ்லைகோ வழியாகச் சுற்றிப் போவதுதான் முறை.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு வாசகி: இங்கே முப்பது வருடமாக நான்தான் சமைக்கிறேன். லட்சக்கணக்கில் செலவு செய்து கடல் கடந்து போய், அங்கேயும் நானே சமைப்பதற்குப் பெயர் விடுமுறையா?

பதில்: இந்த மாதம் வந்த கடிதங்களில் நேர்மையானது உங்களுடையது, அம்மணி. 'சமைத்துக்கொள்ளும் வசதி' என்று விளம்பரத்தில் போடுகிறார்களே தவிர, யார் சமைப்பது என்று போடுவதில்லை. விமானச் சீட்டு வாங்குவதற்கு முன்பே இதை வீட்டில் பேசித் தீர்த்துவிடுங்கள். முதல் பயணத்தில் என் மனைவி ஏழு நாளும் அடுப்படியில் நின்றார். கடலைச் சன்னல் வழியாகத்தான் பார்த்தார் என்பதை ஊர் திரும்பிய பிறகுதான் உணர்ந்தேன். இரண்டாம் பயணத்தில் சமையல் என் பொறுப்பாயிற்று. எனக்குத் தெரிந்தது அரிசிம்பருப்புச் சாதம் ஒன்றுதான், ஒரே பாத்திரத்தில் முடிகிற வேலை. அதுவும் தயிரும் ஊறுகாயுமாக நான்கு நாள் ஓடியது. இரண்டு மாலை வெளியே போய்க் கடலுணவு சூப்பும் ரொட்டியும் சாப்பிட்டோம். ஒரு நாள் உருளைக்கிழங்கு பொரியலும் மீனும் பொட்டலம் வாங்கிக்கொண்டு கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து தின்றோம்.

தாளிப்பதில் மட்டும் நான் மாட்டிக்கொண்டேன். காய்ந்த எண்ணெயில் மிளகாய் வற்றலைக் கிள்ளிப் போட்ட அடுத்த நொடி, கூரையிலிருந்த புகை எச்சரிக்கைக் கருவி அலற ஆரம்பித்தது. அவை ஒன்றோடொன்று இணைந்தவை என்பதால் மாடி அறையில் இருந்ததும் சேர்ந்து அலறியது. பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருவர் அவசரமே இல்லாமல் வந்து, துடைப்பக் கட்டையின் நுனியால் கருவியின் நடுப்பொத்தானை ஓர் அழுத்து அழுத்தினார், சத்தம் நின்றது. எண்ணெய் காய்வதற்கு முன்பே பின்கதவைத் திறந்து வைத்து, கூடத்துக்குப் போகும் கதவைச் சாத்திவிட வேண்டும் என்று சைகையாலேயே சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். கருவியைத் துணியால் மூடுவதும் பேட்டரியைக் கழற்றுவதும் வேண்டாம். அது உயிர் காக்கும் பொருள்.

அவிநாசியிலிருந்து ஒரு வாசகர்: வாடகைக்குமேல் பணம் பிடுங்குவார்கள் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

பதில்: எல்லோரும் அப்படியில்லை, எனக்கு ஒருமுறை நேர்ந்தது. மின்சாரம் தனிக்கணக்கு என்று விளம்பரத்தின் கடைசி வரியில் இருந்ததை நான் படிக்கவில்லை. வந்த அன்று மீட்டரையும் பார்க்கவில்லை. கிளம்பும்போது உரிமையாளர் சொன்ன யூனிட் கணக்கை மறுக்க என் கையில் ஒன்றுமில்லாததால், முன்பணத்தில் பாதி போயிற்று. அங்கே ஒரு யூனிட் 30 முதல் 40 சென்ட் வரை ஆவதால், ஹீட்டரை விடியவிடிய ஓடவிட்டால் எந்தக் கணக்கும் ஏறத்தான் செய்யும். நம் ஊரில் வாடகை வீட்டுக்குக் குடிபோகும்போது செய்வதைப்போல, உள்ளே நுழைந்ததும் மீட்டரைப் படம் எடுத்து உரிமையாளருக்கே அனுப்பிவிடுங்கள். முன்பே இருந்த கீறல், கறை, உடைந்த கைப்பிடி எல்லாவற்றையும் அதோடு சேர்த்து அனுப்புங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து ஒரு வாசகி: காலி செய்யும் நாளில் நாம் செய்துவைக்க வேண்டியது என்ன?

பதில்: பாத்திரம் கழுவி அடுக்குவது, குப்பையை நிறவாரியாகப் பிரித்துத் தொட்டியில் போடுவது, அடுப்பைத் துடைப்பது, இம்மெர்ஷனை அணைப்பது. சிற்றூர் வீடுகளில் பெரும்பாலும் செப்டிக் தொட்டிதான். மிஞ்சிய எண்ணெயையும் சோற்றையும் சிங்க்கில் கொட்டினால் அடைத்துக்கொள்ளும். 2024 பிப்ரவரி முதல் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் கேனுக்கும் விலையோடு முன்பணம் வாங்குகிறார்கள்: அரை லிட்டர் வரை 15 சென்ட், அதற்குமேல் 25 சென்ட். நசுக்காமல் கடை இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும். நாங்கள் ஒரு வாரத்துப் பாட்டில்களைப் போட்டு வந்த சீட்டுக்கு, வழியில் தின்ன ஒரு பொட்டலம் ரொட்டி வாங்கினோம். பிரிக்காத உப்பு, சர்க்கரை, தேயிலைப் பொட்டலங்களை அலமாரியில் விட்டுவிட்டு வரலாம், அடுத்து வருகிறவர்களுக்கு ஆகும். மிளகாய்த்தூளை விட்டு வந்தால் மட்டும், அது என்னவென்று மேலே எழுதி ஒட்டிவிடுங்கள்.